நகரம் முழுவதும் மின்சாரத்துக்கு மாறும்போது: மின்கட்டமைப்பை வலுப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகனத்துக்குப் பெட்ரோலையும், அடுப்புக்கும் வெந்நீருக்கும் எரிவாயுவையும் நம்பியிருந்த நகரங்கள் அந்த வேலைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்திடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கின்றன. இருக்கும் கம்பிகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் இதைத் தாங்குமா என்ற கவலை அதனுடன் சேர்ந்தே வருகிறது. தாங்கச் செய்ய முடியும்; ஆனால் வேலையைத் தெருவிலிருந்து தொடங்க வேண்டும் என்பது கீழே உள்ள பல விடைகளுக்கு அடிப்படையாக இருக்கிறது.

முழு மின்மயமாக்கல் என்று எதைச் சொல்கிறோம்?

நகர எல்லைக்குள் எரிபொருளை எரித்துச் செய்யப்படும் வேலைகளை மின்சாரத்தைக் கொண்டு செய்வதையே அப்படிச் சொல்கிறோம். கார், இருசக்கர வாகனம், பேருந்து, சரக்கு வண்டி ஆகியவை பேட்டரியில் ஓடும். சமையல் இண்டக்‌ஷன் அடுப்பில் நடக்கும். வெந்நீர் காய்ச்சுவதையும், குளிர்ப் பகுதிகளில் வீட்டைச் சூடாக்குவதையும் வெப்பப் பம்புகள் ஏற்றுக்கொள்ளும். சிறு தொழிற்கூடங்களின் கொதிகலன்களும் இந்தக் கணக்கில் சேரும்.

அப்படியானால் நகரத்தின் மின்தேவை பல மடங்கு பெருகிவிடாதா?

பெருகும், ஆனால் எரிபொருளில் உள்ள ஆற்றலை அப்படியே மின்சாரக் கணக்கில் எழுதிப் பார்ப்பவர்கள் அஞ்சும் அளவுக்குப் பெருகாது. 100 கிலோமீட்டர் ஓட 6 அல்லது 7 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் காரை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெட்ரோலில் ஏறத்தாழ 55 முதல் 60 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அதில் பெரும்பகுதியை எஞ்சின் வெப்பமாகவே வெளியே விட்டுவிடுகிறது. அதே தூரத்தை மின்சாரக் கார் 15 முதல் 20 யூனிட்டில் கடந்துவிடும். வெப்பப் பம்பு வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றிலோ மண்ணிலோ இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் எடுத்து வருகிறது என்பதால், அது ஒரு யூனிட் மின்சாரம் வாங்கி ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தருகிறது.

எனவே ஆண்டு முழுவதும் எத்தனை யூனிட் செலவாகிறது என்பதை மட்டும் பார்த்து நகரத்தின் கட்டமைப்பைத் திட்டமிட முடியாது. கம்பிக்கு யூனிட் தெரியாது. அந்த நொடியில் தன் வழியே எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

நார்வேயில் 2024ஆம் ஆண்டு விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழ 89 விழுக்காடு மின்சாரக் கார்கள். அந்த நாட்டின் மின்கட்டமைப்பு அதனால் சரிந்துவிடவில்லை. அங்கே வீடுகளைச் சூடாக்கப் பல பத்தாண்டுகளாகவே மின்சாரத்தைப் பயன்படுத்திவந்ததால் வீட்டு இணைப்புகள் முன்பே வலுவாக இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எரிவாயுவை நம்பி வளர்ந்த நகரத்துக்கு அந்த முன்தயாரிப்பு இருக்காது.

சிக்கல் எங்கே முதலில் தலைகாட்டும்?

மின்நிலையத்தில் அல்ல, தெருவில். 100 வீடுகளுக்கு மின்சாரம் தரும் 250 கிலோவோல்ட்-ஆம்பியர் (அதாவது அதிகபட்சம் ஏறத்தாழ 250 கிலோவாட் சுமக்கும்) டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மாலை உச்சநேரத்தில் இந்த வீடுகள் அனைத்தும் சேர்ந்து 160 கிலோவாட் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கருவிகளின் அளவைக் கூட்டினால் இதைப் போலப் பல மடங்கு வரும். ஆனால் எல்லா வீடுகளும் எல்லாவற்றையும் ஒரே நொடியில் இயக்குவதில்லை. நூறாண்டுக்கும் மேலாக மின்பகிர்மானப் பொறியியல் இந்த நம்பிக்கையின் மீதுதான் நிற்கிறது.

இப்போது 30 வீடுகளுக்கு மின்சாரக் கார் வருகிறது. வீட்டு சார்ஜர் ஒவ்வொன்றும் 7 கிலோவாட் எடுக்கும். வேலை முடிந்து வந்தவர்கள் அனைவரும் மாலை ஏழு மணிக்குச் செருகினால் கூடுதல் பளு 210 கிலோவாட். பழையதையும் சேர்த்தால் 370. டிரான்ஸ்ஃபார்மர் தன் அளவைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சுமக்க வேண்டும். நகரம் முழுவதற்குமான மின்கணக்கில் இந்த 30 கார்கள் கண்ணுக்கே தெரியாத துளி. அந்தத் தெருவுக்கோ அதுவே வெள்ளம். மின்சாரக் கார்கள் நகரம் முழுவதும் சமமாகப் பரவி வருவதில்லை என்பதும் இதைக் கூர்மையாக்குகிறது. ஒரு வீட்டில் வாங்கினால் பக்கத்து வீட்டிலும் வாங்குகிறார்கள்.

அதே எடுத்துக்காட்டை வேறு வகையில் பார்க்கலாம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடும் கார் ஒன்றுக்கு 7 யூனிட் போதும். 30 கார்களுக்கு 210 யூனிட். நள்ளிரவு முதல் காலை வரை ஏழு மணி நேரத்துக்குப் பரப்பிக் கொடுத்தால் கூடுதல் பளு வெறும் 30 கிலோவாட். 210 கிலோவாட்டுக்கும் 30 கிலோவாட்டுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டை ஒரு நகரம் எப்படிக் கையாள்கிறது என்பதுதான் அதன் செலவையும் காலத்தையும் தீர்மானிக்கும்.

அப்படியானால் சார்ஜ் செய்யும் நேரத்தை மாற்றினாலே போதாதா? எதற்காகக் கட்டமைப்பை வலுப்படுத்த வேண்டும்?

இரண்டும் வேண்டும். கார் இரவு முழுவதும் நின்றுகொண்டிருக்கும், காத்திருக்கும். அடுப்பு காத்திருக்காது. குளிர் இரவில் வீட்டைச் சூடாக்கும் கருவியையும் ஓரளவுக்கு மேல் காத்திருக்கச் சொல்ல முடியாது. மேற்சொன்ன தெருவில் சமையலும் வெந்நீரும் மின்சாரத்துக்கு மாறி, உச்சநேரத்தில் வீட்டுக்குச் சராசரியாக ஒரு கிலோவாட் கூடினாலும் 160 என்பது 260 ஆகிவிடும். அப்போது எத்தனை நுட்பமாக நேரத்தை மாற்றினாலும் அந்த டிரான்ஸ்ஃபார்மர் போதாது.

நேரத்தை மாற்றுவதிலும் ஒரு பொறி உண்டு. இரவு பதினொரு மணிக்குக் கட்டணம் குறைகிறது என்று அறிவித்தால் நகரத்தின் எல்லா சார்ஜர்களும் சரியாகப் பதினொரு மணிக்கே உயிர்பெறும். மாலை உச்சத்தைக் கரைக்கப் போய் இரவில் அதைவிடக் கூர்மையான உச்சத்தை உண்டாக்கியதாகிவிடும். பிரிட்டனில் 2022 ஜூன் இறுதியில் நடைமுறைக்கு வந்த விதி இதை முன்கூட்டியே உணர்ந்து எழுதப்பட்டது. அங்கே விற்கப்படும் வீட்டு சார்ஜர்கள், தொடங்கும் நேரத்தைப் பத்து நிமிடம் வரை தாமாகவே தாறுமாறாகத் தள்ளிப்போட வேண்டும். உச்சநேரத்தைத் தவிர்ப்பதே அவற்றின் இயல்பான அமைப்பாக இருக்க வேண்டும். பார்ப்பதற்குச் சிறிய விதி. ஆனால் ஒவ்வொரு நகரமும் பின்பற்றத் தக்கது. சார்ஜர்கள் சில ஆயிரமாக இருக்கும்போது இப்படி ஒரு விதியை எழுதுவது எளிது, சில லட்சமான பிறகு மிகக் கடினம்.

டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் கூடுதல் பளுவைத் தாங்காதா?

தாங்கும். சில மணி நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டிச் சுமப்பதற்கு இடம் வைத்தே அது வடிவமைக்கப்படுகிறது. ஆனால் அதற்கான விலையைத் தன் ஆயுளில் இருந்து கொடுக்கிறது. உள்ளே செம்பு அல்லது அலுமினியச் சுருள்களைச் சுற்றியிருப்பது எண்ணெயில் ஊறிய காகிதம். சுருளின் மிகச் சூடான இடம் 98 டிகிரி செல்சியஸில் இருந்தால் சாதாரணக் காகிதம் இயல்பான வேகத்தில் மூப்படையும் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பின் வேகம் இரட்டிக்கும் என்றும் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் வழிகாட்டு நெறி கணக்கிடுகிறது. 12 டிகிரி கூடினால் நான்கு மடங்கு, 18 டிகிரி கூடினால் எட்டு மடங்கு.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பழைய பழக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் மாலையில் சூடேறி இரவில் ஆறிவிடும். பளுவை இரவுக்குத் தள்ளும்போது அந்த ஓய்வு குறைகிறது. வெப்ப அலை வீசும் நாட்களில் இரவுக் காற்றே சூடாக இருப்பதால் ஆறுவது இன்னும் தாமதமாகும். ஆகவே இரவில் நிறைய இடம் இருக்கிறது என்று சொல்லும்போது, ஆம்பியரை மட்டும் பார்க்காமல் எண்ணெயின் வெப்பநிலையையும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கம்பிகளையும் மாற்ற வேண்டியிருக்குமா?

பல இடங்களில் ஆம். கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது; பளு இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகிறது. கூடவே தெருவின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தமும் குறைகிறது. வழங்கும் அழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து மேலோ கீழோ 10 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. கம்பி உருகும் நிலைக்கு வருவதற்கு வெகுமுன்பே, நீண்ட தெருக்களில் இந்த எல்லை மீறப்பட்டுவிடும்.

தடித்த கம்பி போடுவது ஒரு வழி. மின்னழுத்தத்தை உயர்த்துவது இன்னொரு வழி. துணைமின் நிலையத்திலிருந்து தெரு டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் 11 கிலோவோல்ட் வழித்தடத்தை (ஃபீடரை) 22 கிலோவோல்ட்டாக மாற்றினால் அதே பளுவுக்குப் பாதி மின்னோட்டமே தேவைப்படும், இழப்பு கால்பங்காகும். காப்பான்கள், டிரான்ஸ்ஃபார்மர்கள், சுவிட்சுகள் அனைத்தையும் மாற்ற வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் புதிய வழித்தடத்துக்கு நிலம் தேட வேண்டியதில்லை என்பது நெரிசலான நகரத்தில் பெரிய ஆறுதல். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடுகளுக்குச் செல்லும் தாழ்வழுத்தப் பக்கத்திலும் இது நடக்கிறது. நார்வேயின் பல பகுதிகளில் முனைகளுக்கு இடையே 230 வோல்ட் மட்டுமே உள்ள பழைய மும்முனை அமைப்பு இருக்கிறது; அதை 400 வோல்ட்டுக்கு மாற்றும்போது அதே தடிமனுள்ள வடம் ஏறத்தாழ 1.7 மடங்கு மின்திறனைக் கொண்டுசெல்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால், மிகக் குறைந்த செலவில் முடியும் ஒரு வேலை இருக்கிறது. ஒருமுனை இணைப்பு பெற்ற வீடுகள் பலவும் மூன்று முனைகளில் ஒன்றிலேயே குவிந்திருப்பது வழக்கம். அவற்றைச் சமமாகப் பிரித்தாலே பல தெருக்களில் குறைமின்னழுத்தம் தீரும். எந்த வீடு எந்த முனையில் இருக்கிறது என்ற பதிவேடு சரியாக இருந்தால்தான் இதைச் செய்ய முடியும். பெரும்பாலான நகரங்களில் அந்தப் பதிவேடு பல ஆண்டுக் கால அவசரப் பழுதுபார்ப்புகளால் குழம்பிக் கிடக்கிறது.

எந்தத் தெருவை முதலில் எடுத்துக்கொள்வது?

அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். துணைமின் நிலையங்களில் நொடிக்கு நொடி அளவீடு நடக்கிறது. தெரு டிரான்ஸ்ஃபார்மர்களில் பெரும்பாலும் எந்த அளவீடும் இல்லை. அது எரிந்துபோனால்தான் அதிகப் பளு தெரியவருகிறது. ஸ்மார்ட் மீட்டர்களை வீட்டுக் கட்டணம் போட மட்டும் பயன்படுத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் உள்ள மீட்டர்களின் அரைமணி அளவுகளைக் கூட்டினால் அதன் பளு கிடைத்துவிடும். மின்னழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டால் எந்த வீடு எந்த முனையில் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

அளந்த பிறகு ஒரு விதி மிகவும் உதவும்: எதற்காகத் தோண்டினாலும் இறுதித் தேவைக்கேற்பப் போட்டுவிட வேண்டும். நகரத்தில் புதைவடம் பதிப்பதில் பெருஞ்செலவு தோண்டுவதிலும் சாலையைத் திரும்பப் போடுவதிலும்தான். ஒரு படி தடித்த வடத்துக்கு ஆகும் கூடுதல் செலவு அதனோடு ஒப்பிட்டால் சிறியது. இன்றைய தேவைக்குப் போதும் என்று மெல்லிய வடத்தைப் புதைத்துவிட்டுப் பத்தாண்டில் அதே சாலையைத் திரும்பவும் வெட்டுவது மக்கள் பணத்துக்குச் செய்யும் அநீதி.

பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் பளு இல்லாதபோது வீணாகாதா?

கொஞ்சம் வீணாகும். இரும்பு உள்ளகத்தில் ஏற்படும் இழப்பு, பளு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாள் முழுவதும் தொடரும். படிக வடிவமற்ற உலோகத் தகட்டால் செய்த உள்ளகங்கள் இந்த இழப்பை மூன்றில் இரண்டு பங்கு வரை குறைக்கின்றன. நகரம் ஆயிரக்கணக்கில் வாங்கும் பொருள் என்பதால் ஒப்பந்தப்புள்ளியில் கொள்முதல் விலையுடன் வாழ்நாள் இழப்பையும் சேர்த்து மதிப்பிட வேண்டும்.

கூரையில் சூரியத் தகடும் வீட்டில் பேட்டரியும் இருந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பேட்டரி நன்றாக உதவும். சூரியத் தகடு மட்டும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்து வேறு ஒன்று வரும். உச்சநேரம் மாலையில், சூரியன் நண்பகலில். நண்பகலில் வீடுகள் காலியாக இருக்கும்போது தெரு முழுவதும் உற்பத்தியாகும் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக எதிர்த்திசையில் ஏறும். தெருக்கடைசியில் மின்னழுத்தம் உயர்ந்து, சூரியத் தகட்டின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர்கள் தாமாகவே நின்றுவிடும். மின்சாரம் ஒரே திசையில் பாயும் என்று எண்ணி அமைத்த ஃபியூஸ்களும், பழுதை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலேக்களும் குழம்பக்கூடும் என்பதால் பாதுகாப்பு அமைப்பையும் திரும்பக் கணக்கிட வேண்டும். பகலில் மக்கள் இருக்கும் அலுவலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் சார்ஜர் வைப்பதுதான் இதற்கு இயல்பான மருந்து: உபரி உண்டாகும் நேரத்தில், உபரிக்கு அருகிலேயே கார் நிற்கும்.

பேருந்து பணிமனைகளும் விரைவு சார்ஜ் நிலையங்களும் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் இணைக்கப்படுமா?

பெரும்பாலும் இல்லை. ஒரு விரைவு சார்ஜர் 50 முதல் 350 கிலோவாட் வரை எடுக்கும். நூறு பேருந்துகள் நிற்கும் பணிமனைக்குப் பல மெகாவாட் வேண்டும். இவற்றுக்குப் பெரும்பாலும் உயரழுத்த இணைப்பும், சில நேரங்களில் தனித் துணைமின் நிலையமும் தேவை. சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017ஆம் ஆண்டு இறுதிக்குள் 16,000க்கும் மேற்பட்ட தன் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றியது. பேருந்துகளின் நேர அட்டவணை முன்பே தெரியும் என்பதால் அவற்றின் பளுவைத் திட்டமிடுவது வீடுகளைவிட எளிது. வண்டிகள் வந்து இறங்கியபின் இணைப்புக்கு விண்ணப்பிப்பதுதான் தவறு. மின்வழித்தடத்துக்கு ஆகும் காலம் பேருந்து வாங்க ஆகும் காலத்தைவிட நீளமானது.

மின்வெட்டு வந்தால் எல்லாமே நின்றுவிடாதா?

நியாயமான அச்சம். அடுப்பு, வெந்நீர், வாகனம் என்று எல்லாம் ஒரே கம்பியில் தொங்கும்போது அந்தக் கம்பி முன்பைவிட நம்பகமானதாக இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு ஃபீடரையும் இரண்டு பக்கங்களிலிருந்து மின்சாரம் பெறக்கூடிய வளையமாக அமைத்து, பழுதான பகுதியை மட்டும் தானாகவே பிரிக்கும் சுவிட்சுகளை வைப்பது இதற்கான வழி. வளையம் பயன்பட வேண்டுமானால் அண்டை ஃபீடரின் பளுவையும் சேர்த்துச் சுமக்க ஒவ்வொரு ஃபீடரிலும் இடம் மிச்சம் இருக்க வேண்டும். பளு கூடும்போது முதலில் காணாமல் போவது இந்த மிச்ச இடம்தான். விளக்குகள் எரிந்துகொண்டே இருப்பதால் யாருக்கும் அது தெரிவதில்லை.

மின்சாரம் திரும்பும் நொடியும் கவனத்துக்குரியது. சில மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு எல்லா வெப்பப் பம்புகளும், எல்லா வெந்நீர்க் கலன்களும், எல்லா சார்ஜர்களும் ஒரே நேரத்தில் தொடங்கும். எல்லா வீடுகளும் ஒரே நொடியில் எல்லாவற்றையும் இயக்குவதில்லை என்ற பழைய நம்பிக்கை அந்த நேரத்தில் பொய்த்துப்போகும். வழக்கமான பளுவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பாய்ந்து, சரிசெய்த ஃபீடர் திரும்பவும் துண்டிக்கப்பட்டுவிடக்கூடும். பகுதி பகுதியாக மின்சாரத்தைத் திருப்புவதும், கருவிகளில் தாமதத் தொடக்கத்தை விதியாக்குவதும் இதற்குத் தீர்வு.

இந்த வேலைக்கு எத்தனை ஆண்டுகள் ஆகும்?

நகரத்துக்கு நகரம் வேறுபடும்; பத்தாண்டுக் கணக்கில் சிந்திப்பதே பொருத்தம். உலக நாடுகள் தங்கள் காலநிலை இலக்குகளை எட்ட 2040க்குள் 8 கோடி கிலோமீட்டர் மின்வழித்தடங்களைப் புதிதாக அமைக்கவோ மாற்றவோ வேண்டும் என்று பன்னாட்டு ஆற்றல் முகமை 2023ஆம் ஆண்டு கணக்கிட்டது. இன்று உலகில் உள்ள மொத்த மின்வழித்தடங்களுக்கு ஈடான நீளம் அது. வடங்களைக் கொள்முதல் செய்ய இரண்டு மூன்று ஆண்டுகளும், பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு நான்கு ஆண்டுகள் வரையும் ஆகின்றன என்று அதே முகமை 2025இல் தெரிவித்தது. நெதர்லாந்தில் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் புதிய இணைப்புக்கோ கூடுதல் பளுவுக்கோ காத்துக் கிடக்கின்றன. பணம் இருந்தும் மின்கட்டமைப்பில் இடம் இல்லாத நிலை அது. பொருளும் பயிற்சி பெற்ற வடம் இணைப்பாளர்களும் கிடைப்பதற்கு ஏற்பவே வேலை நகரும் என்பதால், தேவை வந்தபின் தொடங்கலாம் என்று காத்திருக்கும் நகரம் பின்தங்கியே தீரும்.

செலவை யார் ஏற்க வேண்டும்?

மேற்சொன்ன தெருவில் 29ஆவது சார்ஜர் வரை டிரான்ஸ்ஃபார்மர் தாங்கியது, 30ஆவதில் தாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பல இடங்களில் உள்ள விதிப்படி, கடைசியாக விண்ணப்பித்தவர் தலையில் புதிய டிரான்ஸ்ஃபார்மரின் செலவு விழும். முன்னால் வாங்க முடிந்தவர்கள் பொதுவில் இருந்த இடத்தை இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வருபவர், பெரும்பாலும் வசதி குறைந்தவர், மொத்தத்தையும் கட்ட வேண்டும். இது முறையல்ல. பிரிட்டனில் 2023 ஏப்ரல் முதல், புதிய இணைப்புகளுக்காகப் பொதுக் கட்டமைப்பை வலுப்படுத்தும் செலவு பெரும்பாலும் எல்லா நுகர்வோரிடமும் பகிர்ந்து பெறப்படுகிறது. தெருக் கட்டமைப்பு சாலையைப் போலப் பொதுச் சொத்து. அதற்கான செலவும் பொதுவாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தனி வீட்டுக்கான இணைப்புக் கம்பியின் செலவு மட்டும் அந்த வீட்டைச் சேரலாம்.

எரிவாயுக் குழாய்க்கும் இதே கேள்வி உண்டு. வசதியுள்ளவர்கள் விலகிச் செல்லச் செல்ல, மிஞ்சியிருப்பவர்கள்மீது குழாய்ப் பராமரிப்பின் முழுச் சுமையும் இறங்கும். தெருத்தெருவாகக் குழாயை மூடி, அதே தெருவின் மின்கட்டமைப்பை அதே ஆண்டில் உயர்த்தும் திட்டமே இந்தச் சுமையைத் தடுக்கும்.

என் வீட்டில் சார்ஜர் பொருத்துவதற்கு முன் நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் வீட்டின் அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்று பாருங்கள். அது குறைவாக இருந்தால் உடனே இணைப்பை உயர்த்த வேண்டும் என்பதில்லை. அடுப்பும் வெந்நீரும் இயங்கும்போது சார்ஜரைத் தானாகக் குறைக்கும் பளு மேலாண்மைக் கருவி பல வீடுகளுக்குப் போதும். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடுபவருக்கு 3 கிலோவாட் சார்ஜரே இரண்டரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். பெரியதை வாங்கியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு நில இணைப்பையும் கசிவுப் பாதுகாப்பையும் சோதிக்கச் செய்யுங்கள். பிறகு மின்வாரியத்துக்கோ விநியோக நிறுவனத்துக்கோ சார்ஜரின் அளவையும் அது இணைக்கப்படும் முனையையும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்த ஒரு பதிவு கிடைத்தால்தான் உங்கள் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் எரிவதற்கு முன்பே மாற்றப்படும் பட்டியலில் இடம்பெறும்.